மத்தி வராத வருஷம்

கிட்வாய் நகர், டெல்லி
6-10-2024

அன்புள்ள அக்கா செங்கம்மாளுக்கு, தம்பி கலியமூர்த்தி தன் கையால் எழுதிக்கொள்வது. நான் நலம். நீயும் மருமகள் ஹம்சாவும் வீட்டில் மற்றவர்களும் நலமா? உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

'தன் கையால்' என்ற இடத்தை ஹம்சா உனக்கு இன்னொரு முறை வாசித்துக் காட்டவும். வாசித்தாயா? நன்றி.

அக்கா, எனக்கு எழுதப் படிக்க வந்துவிட்டது. ஆர்.கே.புரத்தில் ஒரு ஹாலில் சனிக்கிழமைதோறும் சுந்தரவல்லி டீச்சர் டெல்லியில் பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறார். பேத்தியைக் கொண்டுபோய் விடுவதற்காகத்தான் போனேன். பேத்தி மூன்றாவது வாரம் நின்றுவிட்டாள். நான் நிற்கவில்லை. வகுப்பில் எனக்கு அடுத்த வயதுக்காரனுக்கு ஒன்பது வயது. இங்கே ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முப்பது வருஷம் மீன் வெட்டினேன். என் தலைக்கு மேலே ஒரு பலகை தொங்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே அதன் கீழே நின்றிருக்கிறேன்.

இந்தக் கடிதத்துக்கு ஐந்து நாள் ஆகிறது. போனில் பேசலாமே அப்பா என்று மாலா கேட்கிறாள். போனில் நான் அந்தப் பேச்சை எடுத்தால் நீ சார்ஜ் இல்லை என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்குச் சார்ஜ் தீராது.

அந்தப் பேச்சு இதுதான். போன மாதம் உன் மகன் மாலாவின் போனுக்குக் கன்னியம்மன் கோயில் படம் ஒன்று அனுப்பினான். ஊர்த் தலைக்கட்டுகளின் பெயரெல்லாம் எழுதிப் புதிதாக ஒரு பலகை வைத்திருக்கிறீர்கள். நூற்றுப் பன்னிரண்டு பெயர். இரண்டு பகல் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்தேன். ஒவ்வொரு பெயரிலும் அந்த ஆளின் முகம் வந்தது, நடை வந்தது, அவனோடு எதற்குச் சண்டை போட்டேன் என்பதும் வந்தது. என் பெயர் வரவில்லை. இருக்காது என்று தெரியும். ஆனால் தெரிந்திருப்பது வேறு, வாசித்துப் பார்ப்பது வேறு.

ஹம்சா வெளியூர்ப் பெண், அவளுக்காகச் சொல்கிறேன். நம் குப்பத்தில் கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. அந்தக் கணக்கில் இருந்தால்தான் அவன் ஊர்க்காரன். ஆடியில் கன்னியம்மனுக்குக் காப்புக் கட்டினால் பத்து நாள் கடலில் இறங்கக் கூடாது, மீன் சமைக்கக் கூடாது, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மாலா வயிற்றில் இருந்த வருஷம், அந்தப் பத்து நாளுக்குள் நான் மத்தி வறுத்தேன். பதினொரு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. மாலாவின் அம்மா மத்தி வேண்டும் என்று கேட்டாள். அடுத்த ஊர்க்காரியிடம் வாங்கிக் கதவைச் சாத்திக்கொண்டு வறுத்தேன். மத்தி வறுத்தால் கதவா தடுக்கும்? மூன்று தெரு தாண்டி வாசம் போய்விட்டது. அந்த வருஷம் கடலில் மத்தியே வரவில்லை. என்னால்தான் என்று நாட்டார் தலைமையில் ஊர் கூடி என்னைத் தலைக்கட்டிலிருந்து நீக்கியது. நான் ரயில் ஏறினேன்.

அக்கா, அந்தப் பலகையில் என் பெயர் வேண்டும். பஞ்சாயத்தாரிடம் நீ பேசு.

இப்படிக்கு, இனி அடிக்கடி எழுதப்போகும் தம்பி,
கலியமூர்த்தி


வேம்படிக்குப்பம்
3-11-2024

பிரியமுள்ள தம்பி கலியமூர்த்திக்கு, அக்கா செங்கம்மாள் சொல்ல ஹம்சா எழுதுவது. கன்னியம்மன் புண்ணியத்தில் எல்லோரும் சுகம். முழங்கால் அப்படியே இருக்கிறது, போகவும் இல்லை, கூடவும் இல்லை. உன் சர்க்கரை எப்படி? இனிப்பைத் தொடாதே.

கடிதம் கிடைத்தது. மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். எதிர்வீட்டுக்காரியும் வந்து பார்த்தாள். கத்தி பிடித்த கை இவ்வளவு நேராக எழுதுமா என்றாள். எழுதும் என்றேன்.

இந்த வருஷம் மத்தி வரவில்லை. போன இரண்டு வருஷமும் வாங்க ஆள் இல்லாமல் மணலில் கொட்டிக் காயவைத்தோம். இப்போது குழம்புக்குக்கூட இல்லை. வலை நனைவதும் காய்வதுமாக இருக்கிறது.

பலகையைப் பற்றிக் கேட்டிருந்தாய். பலகை நன்றாக இருக்கிறது. பச்சை பெயின்ட்.

டெல்லியில் குளிர் வந்துவிடும். காதை மூடிக்கொள்.

அன்பு அக்கா,
செங்கம்மாள்

மாமாவுக்கு ஹம்சாவின் வணக்கம். அத்தை வெற்றிலை வாங்கப் போயிருக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன். பச்சை பெயின்ட் என்று சொல்வதற்கு அத்தை கால் மணி நேரம் யோசித்தார்.


கிட்வாய் நகர், டெல்லி
22-11-2024

அன்பு அக்காவுக்கு, உன் தம்பி சந்தோஷமாக எழுதுவது. சர்க்கரை அடங்கியிருக்கிறது. காதை மூடியிருக்கிறேன். நீ தைலம் தடவுகிறாயா?

சந்தோஷத்துக்குக் காரணம் சொல்கிறேன், உட்கார்ந்து கேள். எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் ராமமூர்த்தி சார் குடியிருக்கிறார். தஞ்சாவூர்ப் பக்கத்து ஐயர். கடலைப் பற்றிய ஏதோ ஆபீஸில் பெரிய வேலை. மீனை வாயில் வைத்ததில்லை, கையால் தொட்டதில்லை. ஆனால் எந்த வருஷம் எந்தக் கரையில் எவ்வளவு மத்தி வந்தது என்று கேட்டால் வெந்நீர் போடுவதற்குள் சொல்லிவிடுகிறார்.

பார்க்கில் வெயில் காய்ந்துகொண்டிருந்தபோது அவரிடம் கேட்டேன். ஒரு வருஷம் வருகிற மத்தி ஏன் மறு வருஷம் வருவதில்லை, சார்? அவர் குல்லாவைக் கழற்றி வைத்துவிட்டு, "கடல்ல கண்ணுக்குத் தெரியாத புல்லு முளைக்கறது கலியமூர்த்தி. அதை மேயக் கண்ணுக்குத் தெரியாத ஆடு மாடு. ரெண்டையும் திங்கத்தான் உங்க மத்தி வரது" என்றார். அதற்கு பிளாங்க்டன் என்று பெயர். அதை எழுத மட்டும் எனக்கு ஒரு முழு நாள் ஆயிற்று.

காற்று நன்றாக அடித்தால் கடலின் அடித்தண்ணீர் எருவோடு மேலே வருமாம். அப்போது அந்தப் புல் செழிக்கும். கடல் சூடேறிக் காற்றும் ஏமாற்றினால் புல் இருக்காது. குஞ்சு மீன் பட்டினி கிடக்கும். அந்த வருஷமும் மீன் குறையும், அடுத்த வருஷமும் குறையும். எங்கோ பசிபிக் கடல் சூடானால்கூட நம் பக்கம் காற்று மாறுமாம்.

பிறகுதான், மாலா வயிற்றில் இருந்த வருஷத்தைச் சொல்லி, அந்த வருஷம் எப்படி சார் என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. "அந்த வருஷமா? கேரளாவுலயே மத்தி படுத்துடுத்தே" என்றார்.

நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா, நான் வறுத்தது ஆறு மத்தி. ஆறே ஆறு. அந்தப் புகை மூன்று தெரு போயிருக்கும், ஒத்துக்கொள்கிறேன். கேரளாவுக்குப் போயிருக்குமா? கேரளாக்காரன் கடலில் மீன் இல்லாமல் போக அவன் ஊரில் யார் காப்பை மீறினார்கள்? இதைப் பஞ்சாயத்தாரிடம் ஹம்சாவை விட்டு வாசிக்கச் சொல். கேரளா வருகிற இடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்.

குற்றமற்ற தம்பி,
கலியமூர்த்தி


வேம்படிக்குப்பம்
29-12-2024

தம்பிக்கு அக்காவின் ஆசி. இங்கே சுகம், அங்கே சுகமா?

கடிதம் வந்தது. அந்த ஐயர் நல்ல மனுஷனாக இருக்கலாம். ஆனாலும் பழைய வலையைப் பிரித்தால் கை நிறையச் சிக்குத்தான் மிஞ்சும். இருப்பது இருக்கிறபடி இருக்கட்டும். மாலாவை இன்னொரு பிள்ளை பெற்றுக்கொள்ளச் சொல். ஒற்றைப் பிள்ளை வீட்டுக்குப் போதாது.

மார்கழிப் பனியில் மூட்டு வலிக்கிறது. அதிகம் சொல்ல முடியவில்லை.

அக்கா

மாமா, கேரளா வரும் இடத்தைச் சத்தமாகவே வாசித்தேன். அத்தை எழுந்து, கொடியில் துணி நனைகிறது என்று வெளியே போனார். கொடியில் துணியும் இல்லை, வெளியே மழையும் இல்லை. - ஹம்சா


கிட்வாய் நகர், டெல்லி
30-1-2025

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி நலம். குளிரில் விரல் மடங்க மறுக்கிறது, அதனால் எழுத்து கொஞ்சம் மிதக்கும். பொங்கல் நன்றாகப் போனதா? மூட்டுக்கு உளுந்தங்களி சாப்பிடு.

இந்த முறை எனக்கு ஒரு பெருமை கிடைத்தது. பெரிய ஆபீசர் ஒருவருக்கு நான் பாடம் எடுத்தேன்.

புல் செழித்த வருஷம், செழிக்காத வருஷம் என்று ராமமூர்த்தி சார் ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தபோது, அதை மத்தியின் வயிற்றிலேயே பார்க்கலாமே சார் என்றேன். வெட்டுகிறவனுக்குத் தெரியும் அக்கா. சில வருஷம் கத்தியை வைத்தால் எண்ணெய் வழியும், குடல் பச்சையாக இருக்கும். சில வருஷம் குடல் நூல் மாதிரி, கத்தி காய்ந்தே வரும். முப்பது வருஷமாக இதைப் பார்த்தவன் நான். யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அவர் உடனே நோட்டுப் புத்தகத்தை எடுத்துவிட்டார். எந்த வருஷம் பச்சை, எந்த வருஷம் நூல் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். கண்ணால் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

அதனால் மார்க்கெட்டிலிருந்து அரைக் கிலோ மத்தி வாங்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனேன். சாரின் மனைவி வத்சலா மாமி கதவைப் பாதி திறந்து, பையைப் பார்த்துவிட்டு மீதியைத் திறக்கவில்லை. ஆராய்ச்சி என்று சார் உள்ளேயிருந்து சொன்னார். ஆராய்ச்சியை ஆபீஸில் வைத்துக்கொள்ளுங்கள் என்று மாமி சொன்னார். கடைசியில் லிஃப்டுக்கு எதிரே பேப்பர் விரித்து, இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து ஒன்பது மத்தியைக் கிழித்துப் பார்த்தோம். சார் மூக்கைக் கைக்குட்டையால் கட்டியிருந்தார். கண் மட்டும் தெரிந்தது, அந்தக் கண்ணில் அவ்வளவு ஆனந்தம்.

வாசம் எட்டு மாடிக்கும் லிஃப்டிலேயே ஏறிப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டம் போட்டார்கள். ஐந்தாம் மாடி பஞ்சாபி அம்மாள் எழுந்து, "அங்கிள்ஜி, யே கைஸீ பத்பூ தீ?", அது என்ன நாற்றம் என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாழ்நாளில் இரண்டு முறை ஊர்க்கூட்டத்தில் நின்றிருக்கிறேன், இரண்டு முறையும் மத்தி வாசத்துக்காக. இங்கே தலைக்கட்டு இல்லை, அதனால் நீக்க முடியவில்லை. லிஃப்ட் முன்னால் மீன் கிழிக்கக் கூடாது என்று எழுதி ஒட்டினார்கள். ஹிந்தியில் எழுதியதால் நான் இன்னும் வாசிக்கவில்லை.

இத்துடன் சார் போட்டுத் தந்த கோட்டுப்படம் வைத்திருக்கிறேன். கோடு மேலே போனால் மத்தி வந்த வருஷம், கீழே இறங்கினால் வராத வருஷம். நான் டெல்லி வந்த பிறகும் எத்தனை முறை இறங்கியிருக்கிறது பார். அப்போதெல்லாம் நான் ஊரிலேயே இல்லை. முத்திரை வைத்துத் தரச் சொன்னேன். ஆபீஸ் முத்திரையை இதற்கெல்லாம் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார், கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இதைப் பஞ்சாயத்தாரிடம் கொடு. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

கலியமூர்த்தி


வேம்படிக்குப்பம்
2-3-2025

மதிப்புக்குரிய மாமாவுக்கு ஹம்சா பணிவுடன் எழுதுவது. நாங்கள் நலம். அத்தையும் உடம்புக்கு நலம்.

இது அத்தைக்குத் தெரியாமல் எழுதும் கடிதம். உங்கள் கடிதம் எதுவும் பஞ்சாயத்தாரிடம் போகவில்லை. எல்லாவற்றையும் அத்தை தன் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறார். கோட்டுப்படத்தை மட்டும் அடிக்கடி வெளியே எடுப்பார். மீன் முள் மாதிரி இருக்கிறது என்று முதல் நாள் சொன்னார். இப்போதெல்லாம் கோடு முதன்முதலாகக் கீழே இறங்குகிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

மத்தி வராததால் ஊரில், யாரோ தப்பு செய்திருக்கிறார்கள் என்று பேச்சு தொடங்கிவிட்டது. யார் என்று ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். உங்கள் கடிதத்தை இப்போது வாசித்தால் கேட்பார்கள் என்று நினைக்கிறேன். அத்தையிடம் கேட்டால், "உனுக்கு இன்னா தெரியும், போய் அடுப்பப் பாரு" என்கிறார். அவருக்கு உங்கள் மேல் கோபம் இல்லை மாமா. வேறு என்னவோ இருக்கிறது.

நான் எழுதியதைக் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.

ஹம்சா


கிட்வாய் நகர், டெல்லி
20-3-2025

அன்பு அக்காவுக்குத் தம்பியின் வணக்கம். நான் சுகம். வெயில் தொடங்கிவிட்டது, ஸ்வெட்டரை மாலா பெட்டியில் வைத்துவிட்டாள்.

முதலில் ஒன்று. ஹம்சா எனக்குத் தனியாகக் கடிதம் எதுவும் எழுதவில்லை. (ஹம்சா, இந்த வரியை வாசிக்காமல் தாண்டிவிடு. எழுதிய பிறகுதான் யோசித்தேன். அடித்தால் பக்கம் அசிங்கமாகிவிடும்.)

நீ என் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருப்பாய் என்று எனக்கு எப்படியோ தோன்றுகிறது. பத்திரமாக வைப்பதற்காக நான் எழுதவில்லை. நான்கு பேர் கேட்பதற்காக எழுதினேன்.

அக்கா, எனக்கு யார் மேலும் வழக்கு இல்லை. என்னை நீக்கியவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. மீதிப் பேருக்குக் காது கேட்காது. யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அந்தப் பலகையில் ஒரு வரி மட்டும் போதும். அதற்குக்கூட நீ ஏன் பயப்படுகிறாய்? அன்றைக்குக் கூட்டத்தில் எனக்காக நீ ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நான் கேட்டதே இல்லை, இப்போதும் கேட்கவில்லை. எழுத மட்டும் செய்கிறேன்.

பதில் போடு.

தம்பி


வேம்படிக்குப்பம்
25-5-2025

தம்பி கலியாவுக்கு அக்கா. உடம்பு ஒன்றும் இல்லை. இரண்டு மாதம் பதில் போடாததற்கு உடம்பு காரணம் இல்லை.

ஹம்சாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன். அவள் சிரித்தால் சொல்வதை நிறுத்திவிடுவேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.

அந்த ஆடியில் காப்புக் கட்டிய நான்காம் நாள், நானும் நாட்டார் சம்சாரமும் ஊர் எல்லையைத் தாண்டினோம். அவளுக்குப் பல்வலி, மருந்து வாங்கப் போகிறோம் என்று சொன்னோம். பல்வலி இல்லை. கடலூர் போய் மத்தியான ஆட்டம் சினிமா பார்த்தோம். அது மறுநாளோடு தியேட்டரை விட்டுப் போகிறது என்று சொன்னார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே பயம் வந்துவிட்டது. கன்னியம்மன் பார்த்திருப்பாள், கடல் மூடிவிடும் என்று இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தோம்.

ஆறாம் நாள் உன் வீட்டுக் கூரையிலிருந்து மத்திப் புகை வந்தது. தம்பி, அந்தப் புகையைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. அதைத்தான் இத்தனை வருஷமும் என்னால் சொல்ல முடியவில்லை. கூட்டத்தில் நான் வாயைத் திறந்தால் சினிமாவும் வெளியே வந்துவிடும். நாட்டார் சம்சாரம் என் புடவையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். நான் பேசவில்லை. நீ ரயில் ஏறிப் போனாய். அடுத்த வருஷமும் மத்தி வரவில்லை. என்னால்தான் என்று எனக்குத் தெரியும். நீ போய்விட்டாய், தப்பு செய்தவள் இங்கேயே இருக்கிறேன், பிறகு எப்படி வரும் என்று நினைத்தேன்.

அந்த ஐயர் சொல்வது நிஜம்தானா என்று இன்னொரு தடவை கேட்டு எழுது. கேரளாவிலும் இல்லை என்றாரே, அதை மட்டும் கேட்டு எழுது.

உன் அக்கா

மாமா, அத்தை இதைச் சொல்ல ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. சினிமா வந்த இடத்தில் மட்டும் முந்தானையைக் கடித்துக்கொண்டேன். - ஹம்சா


கிட்வாய் நகர், டெல்லி
3-6-2025

என் அருமை அக்காவுக்கு, தம்பி எழுதும் மிக வேகமான கடிதம். இரண்டே நாளில் எழுதிவிட்டேன். நலம், நலம்.

மூன்றாம் மாடி ஏறிப் போய் இன்னொரு முறை கேட்டேன். கேரளாவிலும் இல்லை. சார் கணக்கை எடுத்துக் காட்டினார், நானே விரல் வைத்து வாசித்தேன். சினிமாவுக்கும் மத்திக்கும் சம்பந்தம் இல்லை என்றும் தனியாகச் சொன்னார். ஏன் கேட்கிறேன் என்று கேட்டார், நான் சொல்லவில்லை. அதனால் நீ இப்போது எழுந்து கை கால் நீட்டிக்கொள். கடலை மூடியது நீ இல்லை.

உன் கடிதத்தை வாசித்து நான் சிரித்த சிரிப்பில் மாலா ஆபீஸ் போன் பேசிக்கொண்டிருந்தவள் ஓடி வந்துவிட்டாள். பல்வலியா! நாட்டார் சம்சாரத்துக்கு அப்போது கரும்பைக் கடிக்கிற பல். இடைவேளையில் என்ன வாங்கித் தின்றீர்கள், அதை எழுதவில்லையே. அக்கா, என் தப்புக்கு வாசம் இருந்தது, உன் தப்புக்கு வாசம் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்னொன்றும் எழுத வேண்டும். மாலாவின் அம்மா டெல்லி வந்த பிறகு மத்தியைத் தொடவில்லை. நான் நாள் முழுக்க அதைத்தான் வெட்டினேன், ஒருநாளும் வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. தன் நாக்கு கேட்டதால்தான் ஊரே பட்டினி கிடந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இல்லை என்று நானும் சொன்னேன், ஆனால் எனக்கும் அப்போது கேரளா தெரியாது. அவள் போய் நான்கு வருஷம் ஆகிறது. ராமமூர்த்தி சார் இந்தக் கட்டடத்துக்கு வந்து மூன்று வருஷம்.

சரி. அதை விடு. கடிதங்களைப் பெட்டியிலிருந்து எடு. உன்னுடையதை நீ சொல்ல வேண்டாம், என்னுடையதை மட்டும் வாசிக்கச் சொல்.

உன் தம்பி
கலியமூர்த்தி


வேம்படிக்குப்பம்
1-7-2025

தம்பிக்கு அக்கா செங்கம்மாளின் ஆசி. எல்லோரும் சுகம். முழங்கால்கூடப் பரவாயில்லை. இடைவேளையில் வேர்க்கடலையும் கலரும். மீதியை ஹம்சா எழுதுவாள், எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. நேற்று கூட்டத்தில் அதிகம் பேசிவிட்டேன்.

மாமா, வணக்கம். நான் ஹம்சா. நடந்ததைச் சொல்கிறேன்.

ஆடித் திருவிழாவுக்காக நேற்று ஊர் கூடியது. அத்தை உங்கள் கடிதங்களையெல்லாம் கொண்டுவந்து என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். பிளாங்க்டன் வந்தபோது யாருக்கும் புரியவில்லை. மத்தியின் வயிற்றுப் பச்சை வந்ததும் கடலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், அது நிஜம்தான் என்றார்கள். கேரளாவைச் சத்தமாக வாசித்தேன்.

அப்போது அத்தை எழுந்தார். நீங்கள் வேண்டாம் என்று எழுதியும் எழுந்தார். "எந்தம்பி ஆறு மத்திதான் வறுத்தான். நான் சினிமா பார்த்தேன்" என்றார். நாட்டார் தன் சம்சாரத்தைப் பார்த்தார். அந்த அம்மாள், "எனக்குப் பல்லு வலிச்சது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வலிக்கல" என்றார்.

அதற்குப் பிறகு கூட்டத்தை அடக்க முடியவில்லை மாமா. அந்த வருஷக் காப்பில் நான் கருவாடு தின்றேன், கருவாடு மீனில் சேராது என்று நினைத்தேன் என்று பூசாரி சொன்னார். ஒருவர் விடிவதற்கு முன்னால் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போய் வலை பார்த்துவிட்டு வந்தாராம். இருக்கிற கிழவர்களில் பதினொரு பேர் எழுந்து சொன்னார்கள். பதினோராவது ஆள் சொன்னது வேறு வருஷத்துத் தப்பு என்று தெரிந்து உட்கார வைத்தார்கள். எல்லோரும் தன்னால்தான் மத்தி போயிற்று என்று நினைத்திருக்கிறார்கள். உங்களை நீக்கியபோது எல்லோருக்கும் மூச்சு வந்திருக்கிறது.

கடைசியில் நாட்டார் சொன்னார். "அந்தப் புல்ல மொளைக்க வைக்கிறவ கன்னியம்மாதானே. எப்ப மொளைக்கணும்னு அவளுக்குத் தெரியாதா. கலியமூர்த்தி பேரை எழுதுங்க." யாரும் மறுக்கவில்லை. இந்த வருஷம் தப்பு செய்தது யார் என்ற பேச்சும் அத்தோடு நின்றது.

ஒரே ஒரு சங்கடம். ஊர் வழக்கப்படி புதிதாகச் சேரும் தலைக்கட்டு கடைசியில்தான் வரும். நீங்கள் நூற்றுப் பதின்மூன்று. கடைசித் தலைக்கட்டுதான் காப்புக்கு முன்னால் வீடு வீடாகப் போய் ஒவ்வொரு தலைக்கட்டையும் பெயர் சொல்லிக் கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டும். கோயிலுக்குத் தண்ணீர் சுமக்க வேண்டும். பந்தியில் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் உட்கார வேண்டும். அடுத்து ஒருவருக்குக் கல்யாணம் ஆகும்வரை இந்த வேலைகளெல்லாம் உங்களுடையவை. உங்கள் பெயரைச் சேர்க்க முதலில் கை தூக்கியது போன வருஷம் தையில் கல்யாணமான நூற்றுப் பன்னிரண்டாவது தலைக்கட்டு. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது.

அறுபத்தெட்டு வயது மனுஷன் குடம் தூக்குவானா என்று அத்தை சண்டை போட்டார். தொண்டை கட்டியது அதனால்தான். வழக்கத்தை மாற்ற முடியாது, வேண்டுமானால் வயதைப் பார்த்துப் பெயரை அடுத்த வருஷம், புது மாப்பிள்ளை யாராவது வந்ததும் அவருக்கு முன்னால் எழுதலாம் என்கிறார்கள். ஆடி ஒன்பதில் காப்பு. என்ன செய்யட்டும் என்று அத்தை கேட்கிறார்.

ஹம்சா


கிட்வாய் நகர், டெல்லி
8-7-2025

அன்புள்ள அக்காவுக்கும் அன்புள்ள ஹம்சாவுக்கும், வேம்படிக்குப்பத்தின் நூற்றுப் பதின்மூன்றாம் தலைக்கட்டு கலியமூர்த்தி எழுதிக்கொள்வது. என் நலத்தைக் கேட்கவே வேண்டாம்.

அடுத்த வருஷம் எல்லாம் வேண்டாம். இப்போதே எழுதச் சொல். மாலா டிக்கெட் போட்டுவிட்டாள், பதினெட்டாம் தேதி வந்து சேர்கிறேன். உன் வீட்டில் பாய் விரித்து வை. மாலா பயப்படுகிறாள். அப்பா, போய்த் தண்ணீர் சுமக்கவா இவ்வளவு பாடுபட்டீர்கள் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சின்னக் குடமாகப் பார்த்து எடுத்து வை, அது போதும். பந்தியில் கடைசியாக உட்கார்ந்தால் சர்க்கரைக்கும் நல்லது, பாயசம் தீர்ந்திருக்கும்.

ராமமூர்த்தி சார் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வருகிறார். கடல் என்ன நிறத்தில் இருக்கிறது என்று தினமும் எழுத வேண்டுமாம், நோட்டுப் புத்தகம் வாங்கித் தந்திருக்கிறார். இந்த வருஷம் மத்தி வருமா சார் என்றேன். "தெரியாது. தெரிஞ்சா நான் எதுக்கு ஆபீஸ் போறேன்" என்றார். ஊரில் அப்படியே சொல்லிவிடுகிறேன். வந்தாலும் யாரையும் மெச்ச வேண்டாம், வராவிட்டாலும் யாரையும் பார்க்க வேண்டாம்.

கூப்பிடுகிற வேலையைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். இதுவரை அந்த வேலையைச் செய்தவர்கள் மனப்பாடமாகக் கூப்பிட்டார்கள், அதனால்தான் ஒவ்வொரு வருஷமும் இரண்டு வீடு விட்டுப்போய்ச் சண்டை வந்தது. நான் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு போவேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று பெயரை வாசித்துக் கூப்பிடுவேன். மெதுவாகத்தான் வாசிப்பேன், கூட்டம் அன்றைக்குக் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கும் என்று நாட்டாரிடம் இப்போதே சொல்லி வை. நூற்றுப் பன்னிரண்டு பேரும் வந்து உட்கார்ந்த பிறகு, கோயில் வாசலில் நின்று கடைசிப் பெயரையும் வாசித்துக் கூப்பிடுவேன்.

'இருக்கேன்' என்று நானே சொல்வேன்.

புறப்படத் தயாராக,
கலியமூர்த்தி